உறுதிபூசுதல்: வாக்கும் பொறுப்பும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் உண்டு. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பல்லாண்டு பணியாற்றிய ஊர் அது. திருக்காவலூர் என அவர் போற்றியதும் அவ்வூரையே. அங்குள்ள அடைக்கல மாதா ஆலயத்தைக் காணுந்தோறும் ஒரு கேள்வி என் உள்ளத்தில் எழும். குழவிப் பருவத்தில் பிறர் தந்த சமயம் ஒருவனுக்கு எப்போது சொந்தமாகின்றது?

கிறிஸ்தவ சமயம் இக்கேள்விக்கு ஒரு சடங்கின் வாயிலாக விடை தருகின்றது. கத்தோலிக்கர் அதனை உறுதிபூசுதல் என்பர்; சீர்திருத்தச் சபையார் திடப்படுத்தல் என்பர். பேதுருவும் யோவானும் சமாரியாவில் புதிதாக நம்பியோர்மீது கைகளை வைக்க, அவர்கள் தூய ஆவியைப் பெற்றனர் என விவிலியம் கூறும் நிகழ்ச்சியே இதன் மூலமாகக் கருதப்படுகின்றது.

கத்தோலிக்க மரபில், ஆயர் மந்திரித்த நறுமண எண்ணெயை நெற்றியில் பூசுவர். எண்ணெய் தூய ஆவியின் கொடைக்கு அடையாளம். முற்காலத்தில் ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டுவதும் உண்டு. நம்பிக்கையின் பொருட்டு இன்னலையும் தாங்குக என்பது அதன் குறிப்பு. ஆங்கிலிக்கன் மரபிலோ, திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோர் தமக்காகக் கொடுத்த வாக்கை இப்போது தாமே ஏற்கின்றனரா என்று ஆயர் இளைஞரை வினவுவார். அவர்கள் தம் வாயால் விடை கூறல் வேண்டும்.

இவ்விரு மரபிலும் இச்சடங்கை ஆற்றும் உரிமை சிறப்பாக ஆயருக்கே உரியது. இங்கேதான் வரலாறு இடர் விளைத்தது. வீரமாமுனிவர் காலத்தில் ஆயர் இருக்கைகள் மயிலாப்பூர், கொச்சி முதலிய தொலைதூரக் கடற்கரைப் பட்டினங்களில் இருந்தன. திருமுழுக்கு அளிக்கக் குரு இருந்தார். ஆயரோ பல நாள் நடைத் தொலைவில் இருந்தார். ஊர்தோறும் நம்பிக்கையை வளர்க்கும் பொறுப்பு, சமயம் போதித்த வேதியரையே பெரிதும் சார்ந்தது. அவர்களுக்கென முனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். உறுதிக்கு முன்னே அறிவு வேண்டும் என்பதை அந்நூல் நமக்கு உணர்த்துகின்றது.

ஆங்கிலிக்கன் சபையின் நிலையும் இத்தகையதே. 1814 முதல் 1835 வரை இந்தியா முழுமைக்கும் கல்கத்தாவில் ஓர் ஆயரே இருந்தார். அப்பதவியை வகித்த ரெஜினால்டு ஹீபர், 1826-இல் தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைந்திருந்தன என்பதை நினைவிற் கொள்க. ஏப்ரல் 3-ஆம் நாள் காலையில், திருச்சிக் கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தினார். தமிழிலேயே ஆசியும் கூறினார். அன்றே, நீராடச் சென்ற இடத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. திருச்சித் தூய யோவான் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் அமைந்தது. ஏலாக்குறிச்சி அதனைச் சேர்ந்தது, ஆயரும் அணித்தாயினர். தொலைவு குறைந்தது, ஆயினும் சடங்கின் கேள்வி குறையவில்லை. நீ எதனை நம்புகின்றாய், அதனை அறிந்து நம்புகின்றாயா என்று அது இன்றும் இளைஞரை வினவுகின்றது. எச்சமயத்தவராயினும், பெற்றோர் தந்த நெறியை ஆராய்ந்து தமதாக்கிக்கொள்ளும் பொறுப்பு இளைஞர் அனைவர்க்கும் உண்டு. அப்பொறுப்பை ஏற்கும் வயதில் நீங்கள் நிற்கின்றீர்கள்.