வால்வு வானொலியும் தோட்டத் தமிழரும்

ஓர் இனத்தின் வரலாறு ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டுமன்றி, அம்மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களிலும் உறைகின்றது. சுங்கை பஞ்சாங், கோலசிலாங்கூர் ஆகிய வட்டாரங்களை உள்ளிட்ட வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தார்க்கு வால்வு வானொலி அத்தகைய பொருள்.

1904இல் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இருமுனை வால்வைப் படைத்தார். 1906இல் லீ டி பாரஸ்ட் மூன்றாம் முனையைச் சேர்த்தார். மெலிந்த மின்குறிகளைப் பெருக்கும் வழி அதனால் பிறந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் (1942-1945) அயல்நாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. போருக்குப் பின், 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரில் தொடங்கிய ரேடியோ மலாயாவில் தமிழும் ஒலித்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தபின், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் கூடிக் கேட்க அரசு வானொலிகளை வழங்கியது. தன் கருத்தைப் பரப்புவதே அரசின் நோக்கம். ஆயினும், பால்வெட்டிக் களைத்து லயம் திரும்பிய தொழிலாளி தன் தாய்மொழியை அதில் கேட்டான். மின்சாரம் எட்டாத இடங்களில் உலர் மின்கலங்களே துணை. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வரவே, கனத்த வால்வுப் பெட்டிகள் படிப்படியாக மூலைக்குச் சென்றன.

அவற்றுள் ஒன்றை வீட்டிலேயே சீர்செய்ய விழைவோர் முதலில் பொறுமை கொள்ளல் வேண்டும். பல ஆண்டுகள் உறங்கிய கருவியை நேரே மின்சாரத்தில் இணைத்தல் தவறு. நம் நாட்டு ஈரக்காற்றில் மெழுகு பூசிய காகித மின்தேக்கிகள் கசியும். வேதிக்கரைசல் கொண்டவை வறண்டிருக்கும். அவற்றை மாற்றாது இணைத்தால் மின்மாற்றியே கருகிவிடக்கூடும். வால்வுகளோ பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உலவும். இணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும். ஆதலின், பயிற்சி பெற்றவர் துணையின்றி மாணவர் கைவைத்தல் ஆகாது.

கழற்றிய உறுப்புகளை எறியாமல், நாள் குறித்துப் பொதிந்து வைத்தல் நன்று. லண்டன், டெல்லி, கொழும்பு எனப் பெயர் பொறித்த கண்ணாடி முகப்பைத் தேய்த்து அழித்துவிடலாகாது. லயத்தின் சிறு அறையில் இருந்தவன் எட்ட விரும்பிய உலகின் வரைபடம் அது.

கருவி சீராகும் வரை மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அப்பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட மூத்தோரை நாடி, எதனைக் கேட்டனர், யாருடன் கேட்டனர் என வினவி எழுதுதல் வேண்டும். பழுதான வால்வுக்கு மாற்று இன்றும் தேடிப் பெறலாம். மறைந்த முதியவரின் நினைவுக்கு மாற்று இல்லை. வானொலி காத்திருக்கும், அதனைக் கேட்டோர் காத்திரார்.