வாடகை வீடும் நம் வரலாறும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் என்னையும் ஒரு கட்டுரை எழுதப் பணித்தனர். கல்வியின் சிறப்பை எழுத அறிஞர் பலர் உளர். ஆதலின், நான் வாடகை வீட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

விழா மலரில் வாடகை வீட்டுக்கு இடம் உண்டோ என்று சிலர் வினவக்கூடும். கோமுகி ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும், கல்வராயன் மலையடிவாரத்திலிருந்தும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் படிப்பை நாடியும் வேலையை நாடியும் சென்னைக்குச் செல்கின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்த பின்னரும் தலைசாய்க்க இடம் கிடைக்காமல் திரும்பியவர்களை நான் அறிவேன். வீடு கிடைத்தால்தான் படிப்பு நிலைக்கும். அவ்வீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் நம் வரலாறே அன்றோ?

மயிலாப்பூரில் ஓராண்டு

சென்னையின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், அவற்றைச் சூழ்ந்த மாட வீதிகள் ஆகியவற்றால் பெயர் பெற்ற இடம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் உயர் அலுவலர்களும் அங்கே மாளிகைகள் கட்டி வாழ்ந்தனர். 1905 ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மாணவர் இல்லமும், 1906 ஆம் ஆண்டில் சமஸ்கிருதக் கல்லூரியும், 1946 ஆம் ஆண்டில் விவேகானந்தா கல்லூரியும் அப்பகுதியில் தோன்றின. கல்வியும் செல்வமும் ஒருங்கே குடியிருந்த இடத்தில் வாடகை மிகுதியாயிருந்ததில் வியப்பில்லை. வாடகையைத் தர முன்வந்தவனுக்கும் வீடு எளிதில் கிடைக்கவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

1992 ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சி பெறுவதற்காக நான் சென்னை சென்றேன். அப்போது நமது கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நூலகமும் பேருந்து வசதியும் கருதி மயிலாப்பூரில் ஓர் அறை தேடினேன். நான்கு வீடுகளில் என் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, “இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்றனர். ஐந்தாம் வீட்டில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் வாயிற்படியில் நின்றபடியே, “ஊர்ல எந்தத் தெரு, தம்பி?” என்று அன்பாகவே கேட்டார். நான், “பள்ளிக்கூடத் தெருங்க” என்றேன். பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. எங்கள் வீடு ஊருக்கு வெளியே, காலனியில் இருந்தது.

மாதம் 300 ரூபாய் வாடகை, பத்து மாத முன்பணம் என்று பேசி முடிந்தது. என் தந்தையார் கன்றோடு பசுவை விற்று அந்த 3,000 ரூபாயை அனுப்பினார். நானோ, “தாங்கள் இங்கு வரவேண்டா, விடுமுறையில் நானே வருகிறேன்” என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். அவருடைய பேச்சிலும் உடையிலும் எங்கள் தெரு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினேன்.

எனினும், தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள் அவர் வந்துவிட்டார். வீட்டுக்கு வரவில்லை, கல்லூரி வாயிலில் காத்திருந்தார். கையில் ஒரு பை நிறைய வறுத்த வேர்க்கடலை. அவரை அறைக்கு அழைத்துச் செல்லாமல் தெப்பக்குளப் படியில் அமர வைத்துப் பேசினேன். அன்றிரவே பாரிமுனையில் பேருந்து ஏற்றிவிட்டேன். “வீட்டுக்காரங்க நல்லவங்களாப்பா?” என்று மட்டும் கேட்டார். “நல்லவங்கதான்” என்றேன். அறையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கேளாததன் காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பசுவை விற்று வாங்கிய அறையில் அவர் ஒரு வேளையும் உறங்காமலே மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரிடமும் சொல்லாத இதனை இம்மலரில் எழுதுவது, நம் இளைஞர்கள் என் வழியில் செல்லலாகாது என்பதற்காகவே.

பெயரை மறைத்தவர், பெயரைப் பொறித்தவர்

நான் செய்ததை எனக்கு முன்னரும் பெரியோர் சிலர் செய்ய நேர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் பயின்றபோது, தம் சாதியையும் இருப்பிடத்தையும் உடன் பயிலும் மாணவர்கள் அறிந்துவிடுவரோ என்றஞ்சி, அவர்களோடு விளையாடாமல் விலகியே இருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார். அதே சீனிவாசன் அவர்கள் 1893 ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். மாணவப் பருவத்தில் எப்பெயரை மறைத்தாரோ அப்பெயரையே தலைப்பாகப் பொறித்து, ‘பறையன்’ என்று வெளியிட்டார். பிறர் இழிவாகச் சொல்லும் பெயரை உரியவனே தலைநிமிர்ந்து சொன்னால் இழிவு சொன்னவனையே சாரும் என்பது அவர் கண்ட உண்மை.

மயிலாப்பூருக்கு அடுத்த இராயப்பேட்டையிலிருந்துதான் அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். நகரின் பழம்பெருமை வாய்ந்த பகுதிகளில் நமக்குப் பங்கில்லை என்று எவரேனும் சொல்வாராயின், இவ்வரலாற்றை அவருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பரோடாவில் பதினொரு நாள்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் 1913 ஆம் ஆண்டில் நியூயார்க்கு சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர், உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917 ஆம் ஆண்டில் பரோடா அரசுப் பணியை ஏற்றார். அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி சமூகத்தாருக்குரிய விடுதி ஒன்றில், நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் தருவதாகப் பேசி, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். மின்விளக்கில்லாத மாடியில், பழைய தட்டுமுட்டுப் பொருள்களிடையே, அரிக்கேன் விளக்கொளியில் இரவுகளைக் கழித்தார்.

பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பன்னிருவர் வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். இடம் வேண்டி அவர் அணுகிய நண்பர்கள் இருவர். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் நயமாகவே மறுத்தனர். பொதுப் பூங்காவில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் அவர் பம்பாய் திரும்பினார். அவருடைய படிப்பு போதவில்லையா? அன்று, அந்த அலுவலகத்தில் அவரினும் கற்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? கல்வி ஒருவனைக் கதவு வரை கொண்டு சேர்க்கும். கதவைத் திறக்கச் சட்டமும் ஒற்றுமையும் வேண்டும் என்பதே பரோடா நமக்குத் தரும் பாடம்.

லண்டனில் ஒரு வீடு

1920 ஆம் ஆண்டில் அம்பேத்கர் மீண்டும் லண்டன் சென்றார். 1921-22 ஆம் ஆண்டுகளில் அவர் தங்கியிருந்தது வடலண்டனில், கிங் ஹென்றி சாலை 10 ஆம் எண் வீடு. பிரிம்ரோஸ் ஹில் என்னும் அப்பகுதி இன்று அந்நகரின் செல்வர்கள் வாழும் பழம்பகுதிகளுள் ஒன்றாகும். கார்ல் மார்க்சின் தோழர் பிரடெரிக் ஏங்கல்சு 1870 ஆம் ஆண்டு முதல் அங்கே வாழ்ந்தார். தொழிலாளரின் வீட்டுப் பிரச்சினையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரைகளை அவர் 1872-73 ஆம் ஆண்டுகளில் எழுதியது அப்பகுதியில் வாழ்ந்த காலத்திலேயாம்.

பரோடாவில் இடம் கிடைக்காத அண்ணலுக்குக் கடல் கடந்து இடம் கிடைத்தது. ஆயின், வெள்ளையர் நாட்டில் வேற்றுமையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1950களில் அதே லண்டனில் கறுப்பின மக்களுக்கு அறை இல்லை என்று பலகை தொங்கவிட்ட வீடுகள் உண்டு. வீட்டு வாடகையில் இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது 1968 ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவிலும் அதே ஆண்டில்தான், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அத்தகைய சட்டம் நிறைவேறியது.

அண்ணல் தங்கியிருந்த அவ்வீட்டை 2015 ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. அதற்கும் அக்கம்பக்கத்தாருள் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். உள்ளூராட்சி மன்றம் இசைவளிக்க மறுத்தது. விசாரணைக்குப் பின் 2020 ஆம் ஆண்டில்தான் இசைவு கிடைத்தது.

தாயகம் திரும்பிய அண்ணல், பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் சிற்றறைகளில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்துக் காலனியில் ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தைத் தம் நூல்களுக்கு இடம் வேண்டியே பெரிதாகக் கட்டினார். அவ்வீட்டின் வாயிலில் இருந்தது அவருடைய சொந்தப் பெயர்.

சட்டம் சொல்வது என்ன?

1924 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீரெடுக்கவும் நமக்குள்ள உரிமை ஏற்கப்பட்டது. தெருவில் நடக்கும் உரிமையிலிருந்து தெருவில் குடியிருக்கும் உரிமைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 19 ஆம் பிரிவு நாட்டின் எப்பகுதியிலும் குடியமரும் உரிமையைத் தந்தது. 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 ஆம் ஆண்டில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் 4 ஆம் பிரிவின்படி, எப்பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை செய்வது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உடன் அபராதமும் உண்டு.

“வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்” என்னும் ஒரு சொல்லால் இச்சட்டத்தைத் தாண்டிவிடுகின்றனர் என்பதும் உண்மை. தலைநகர் தில்லி வட்டாரத்தில் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவர்தம் குழுவினரும் நடத்தி 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதனை மெய்ப்பித்தது. எனினும், சட்டம் அறிந்தவனிடம் பேசும் முறை வேறு, அறியாதவனிடம் பேசும் முறை வேறு. 2019 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிக்காத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது. ஒரு தந்தை பசுவை விற்குமுன் இதனை அறிந்திருத்தல் நன்று.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! உங்களிடம் எவரேனும் தெருவைக் கேட்டால் உள்ளபடியே சொல்லுங்கள். நான்கு கதவு மூடினாலும் ஐந்தாவது திறக்கும் என்று உறுதி கூற என்னால் இயலாது. பொய் சொல்லிப் பெற்ற அறையில் பெற்ற தகப்பனுக்கு இடமில்லாமற்போகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நமது சங்கம் ஒன்று செய்தல் வேண்டும். நம்மவருள் சென்னையில் பணியாற்றுவோரும் ஓய்வு பெற்றோரும் பலர் உளர். அவர்கள் கூடிப் பொருளீட்டி, அந்நகரில் ஒரு வீட்டைச் சங்கத்தின் பெயரால் வாடகைக்கு எடுத்தால், ஊரிலிருந்து செல்லும் மாணவர்கள் முதல் மூன்று மாதமேனும் அச்சமின்றித் தங்கலாம். பெற்றோரும் சென்று பார்க்கலாம்.

இறுதியாக, நம்மை நாமே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. 2019 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின், நம்மவர் சிலரும் நகரில் மாடி வீடு கட்டி வாடகைக்கு விடுகின்றனர், மகிழ்ச்சி. ஆனால், வெள்ளிமலையிலிருந்து படிக்க வரும் மலையாளிப் பழங்குடி மாணவனிடமும், நம்மினும் நலிந்த அருந்ததியத் தோழனிடமும் நாமும் “எந்தத் தெரு?” என்று கேட்கின்றோமா? கேட்போமாயின், நாம் கற்ற கல்வி வீணே. வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் உறுப்பினர் வீடுகளிலேனும் அவ்வினா இன்றோடு ஒழிவதாக!

வளர்க கல்வி! வாழ்க நமது சங்கம்!