பஞ்சசீலம்: விகாரையிலிருந்து வீட்டுக்கு

பேராக் மண்ணுக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1936ஆம் ஆண்டு பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரரின் வெண்கலச் சிலை கிடைத்தது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கிலும் பழைய புத்தர் சிலைகள் கிடைத்துள்ளன. தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினார். சோழ மன்னன் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை அதற்கு வழங்கினான்.

இவையெல்லாம் மன்னர்களும் வணிகர்களும் வளர்த்த பௌத்தம். விடியற்காலையில் எழுந்து வேலைக்கு ஓடி, வாங்கும் கூலியில் குடும்பம் நடத்தும் சாமானியருக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் பெற்றது. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்த் தொழிலாளர்கள் பிழைக்கப் போன இடங்களில் எல்லாம் முளைத்தன.

துறவு பூணுங்கள் என்று பண்டிதர் தொழிலாளர்களிடம் சொல்லவில்லை. கொலை, களவு, தவறான காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்கி இல்லறம் நடத்தச் சொன்னார். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர்கள் தங்கள் வீட்டுத் திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் பௌத்த முறையில் தாங்களே நடத்திக்கொண்டார்கள். தீபாவளி போன்ற பண்டிகைகளுக்குக்கூட அவர் பௌத்த விளக்கம் தந்தார். பிள்ளைகளின் படிப்பை வலியுறுத்தினார். தாழ்ந்தவன் என்று ஊர் சொன்னவனுக்குத் தன் நடத்தையாலேயே நிமிர்ந்து நிற்க ஒரு வழி கிடைத்தது.

மலாயா ரப்பர் தோட்டங்களில் ஐந்தாவது சீலம்தான் பெரிய சோதனையாக இருந்தது. தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. பால்மரம் சீவிச் சம்பாதித்த காசு லயத்து வீட்டை எட்டுமுன் அங்கே கரைந்தது. 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார், ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக எழுந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் மதுவிலக்குப் பிரசாரத்தில் இறங்கினர். 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை ஒட்டி எழுந்த போராட்டத்தில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பலர் சிறை சென்றனர்.

அந்தத் தோட்டத்து இளைஞர்கள் பௌத்தர்கள் அல்லர். ஆனாலும் கோலார் சுரங்கத் தொழிலாளி சீலம் என்று ஏற்றதை இவர்கள் மானம் என்று ஏற்றார்கள். இரண்டுமே கூலிக்காரனின் வீட்டு அடுப்பைக் காக்க எழுந்தவை.

1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டின்போது டாக்டர் அம்பேத்கரும் பெரியாரும் சந்தித்தார்கள். பெரியார் அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1956 அக்டோபர் 14 அன்று, அம்பேத்கர் நாகப்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அன்று அவர் அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன், திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்பவையும் இருந்தன. அன்றாட வாழ்வுக்கான பஞ்சசீலமே அங்கும் அடித்தளமாக அமைந்தது.

இன்று பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கள்ளுக்கடை மறைந்த இடத்தில் சம்சு வந்து பல குடும்பங்களைச் சீரழித்தது. தோட்டம் மாறினாலும் சோதனை மாறவில்லை. விசாக நாளில் ஈப்போ குகைக் கோயில்களுக்குச் சென்று விளக்கேற்றுவது நல்லதே. அது ஆண்டுக்கு ஒரு நாள். சம்பள நாளன்று முழுக் கூலியோடு வீடு திரும்புவதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாதி கேட்காமல் பழகுவதும், பிள்ளையிடம் பொய் சொல்லாதிருப்பதும் மற்ற நாட்களுக்கு உரியவை. பண்டிதர் காட்டிய பௌத்தம் அந்த மற்ற நாட்களில்தான் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க எந்த மதத்தவருக்கும் தடை இல்லை.