பாரம் தூக்கும் சங்கிலியின் கதை

துறைமுகத்திலோ பெரிய தொழிற்சாலையிலோ பாரந்தூக்கி வேலை செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில டன் எடையுள்ள இயந்திரம் அந்தரத்தில் அசைந்து செல்கிறது. அதைத் தாங்கி நிற்பது விரல் பருமனே உள்ள எஃகுச் சங்கிலி! இச்சங்கிலியின் வரலாற்றில் விந்தையான செய்தி ஒன்று உண்டு. பழைய சங்கிலிக்கு மருந்தாக இருந்த தீயே புதிய சங்கிலிக்கு எமனாயிற்று. அது எவ்வாறு என்று காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாமுவேல் பிரவுன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, கப்பல்களில் நங்கூரத்துக்குரிய சணல் வடத்தை நீக்கிவிட்டுத் தேனிரும்புச் சங்கிலியைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அக்காலத்தில் ஒவ்வொரு கண்ணியையும் கொல்லர் உலையில் காய்ச்சி, வளைத்து, அடித்துப் பற்றவைத்தார். பற்றில் குறை இருந்தால் வெளியே தெரியாது. ஆகவே சங்கிலியை இயந்திரத்தில் பூட்டி இழுத்துச் சோதிக்கும் வழக்கம் தோன்றியது. கப்பல் சங்கிலிகளைச் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என்று 1864இல் பிரிட்டனில் சட்டமும் வந்தது.

ஆனால், புதிதாக இருக்கும்போது சோதித்தால் மட்டும் போதுமா? போதாது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்து தொல்லை கொடுத்தன. அதற்கு மாற்றுத் தேடிய வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். சங்கிலியிலோ ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. எனினும் சூடான வார்ப்புகளையும் கூரிய விளிம்புள்ள பாளங்களையும் தூக்குவதற்குச் சங்கிலியே ஏற்றதாக இருந்தது. எனவே அது நிலைத்துவிட்டது.

தேனிரும்புச் சங்கிலிக்கு ஒரு நோய் உண்டு. கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்தும் மோதியும் வர, மேற்பரப்பு இறுகி நொறுங்கும் தன்மை பெறும். பிறகு ஒரு நாள் திடீரென்று முறியும். இதற்கு மருந்து, சங்கிலியை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவது. 1937ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் இதை 14 மாதங்களுக்கு ஒரு முறையும், அரை அங்குலமும் அதற்குக் குறைவும் பருமனுள்ள சங்கிலிகளுக்கு 6 மாதங்களுக்கு ஒரு முறையும் செய்யுமாறு விதித்தது. தலைமை ஆய்வாளர் விலக்களித்த வகைகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

இதற்கிடையே 1930களில் அமெரிக்காவில் கலப்பு எஃகுச் சங்கிலி வந்தது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்ற உலோகங்கள் கலந்த எஃகைக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, பின் அளவாக மீண்டும் சூடேற்றிப் பதம் செய்கிறார்கள். இன்று வழக்கிலுள்ள 80ஆம் தரச் சங்கிலி, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் விசை வரை அறுவதில்லை. 10 மில்லிமீட்டர் பருமனுள்ள சங்கிலி ஏறக்குறைய 12.8 டன்னில்தான் அறும். ஆயினும் அதில் தூக்க அனுமதிப்பது 3.15 டன்னே. இந்த நான்கு மடங்குக் காப்பு, தேய்மானமும் எதிர்பாராத குலுக்கலும் உயிரைக் குடிக்காமல் இருப்பதற்காக. சங்கிலியின் இரு கால்களை 120 பாகைக்கு விரித்தால், ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் தாங்க நேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி அந்த விந்தைக்கு வருவோம். தோய்ச்சல் போட்ட அரிவாள் நெருப்பில் விழுந்தால் என்னவாகும்? பார்வைக்கு அப்படியே இருக்கும், கூர் நிற்காது. கலப்பு எஃகுச் சங்கிலியும் அப்படித்தான். பழைய வழக்கப்படி அதை உலையில் இட்டால் பதம் அழிந்து, வலிமை போய்விடும். வெளித்தோற்றம் மட்டும் மாறாது! 80ஆம் தரச் சங்கிலியை 400 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்தக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரநிலை. அறுந்த கண்ணியைத் தொழிற்கூடத்தில் பற்றவைப்பதும் தவறு. துருவை நீக்க அமிலத்தில் இடுவதும் ஆகாது. அப்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்யலாம்.

அப்படியானால் எஞ்சியிருப்பது எது? கண்ணும் கையும் அளவுகோலும்தான். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தகுதியுள்ளவர் 12 மாதங்களுக்கு ஒரு முறையேனும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று விதித்தது. தினமும் வேலை தொடங்குமுன் பார்ப்பது வேறு, அதுவும் வேண்டும். சங்கிலியைத் துடைத்துத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். பருமன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, விரிசலோ வெட்டோ வளைவோ இருந்தாலோ, கொக்கியின் வாய் விரிந்திருந்தாலோ, சங்கிலியை ஒதுக்கிவிட வேண்டும். கண்ணிகள் தாராளமாக அசையாமல் இறுகி நின்றால், தகுதிக்கு மீறிய பாரத்தில் அது நீண்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

சங்கிலியில் தரமும் தூக்கும் அளவும் பொறித்த சிறு தகடு ஒன்று தொங்கும். நோயாளி யாரென்று அறியாமல் மருந்து கொடுப்பாரா வைத்தியர்? தகடு இல்லாத சங்கிலி, தேனிரும்போ கலப்பு எஃகோ, எத்தனை டன் தாங்குமோ யார் அறிவார்? அதன் கீழே வேலை செய்பவரின் உயிரை எண்ணி, அந்தச் சங்கிலியைப் பாரத்தில் மாட்டாதீர்கள்.