கேம்பர்

முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். மேல்விளிம்பு உட்புறம் சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் கொண்ட சிறிய கார்களில் குட்டை ஸ்பிரிங் பொருத்தி உயரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நெகட்டிவ் கேம்பர் கூடி, டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். பல கார்களில் ஸ்ட்ரட்டைச் சக்கரம் தாங்கும் நக்கிளோடு இணைக்கும் இரு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டு ஓரிரு டிகிரி திருத்தலாம். பின்னர் டோ கோணத்தையும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பார்த்தே ஆகவேண்டும்; அதை விடுவதுதான் பெரிய தவறு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைச் சிரமமின்றிக் கடக்கும் தாழ்ந்த கார், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைப் பள்ளங்களில் அடிவாங்கும். அங்கே தயாரிப்பாளர் வைத்த அசல் உயரமே நல்லது. சட்டத்தையும் கவனிக்க வேண்டும்: தயாரிப்பாளரின் அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.