கப்பலைக் காட்டினார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள்

2007 ஜூலை மாதத் தொடக்கத்தில் 'நிமிட்ஸ்' என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் சென்னைக்கு வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். துறைமுகத்துக்குள் வராமல் வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. இரண்டு அணு உலைகளின் சக்தியில் ஓடும் கப்பல் என்பதால் இடதுசாரிக் கட்சிகள் கடுமையாக எதிர்த்தன. ஆபத்து இல்லை என்று அரசு சொன்னது. பத்திரிகைகளில் அதே பேச்சு. காலை நடைப்பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்த நாங்களும் அதைத்தான் பேசினோம். நீளம் எவ்வளவு, விமானம் எத்தனை, கதிர்வீச்சு வருமா, வராதா? அதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் இருக்கிறார்களே, அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், எங்கே தூங்குகிறார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கேட்டிருந்தால் ஒரு வருடம் காத்திருந்தால் போதும். 2008 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சி, அதே நிமிட்ஸ் கப்பலின் வாழ்க்கையை 'கேரியர்' என்ற பெயரில் பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பியது. ஆனால் அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். விமானம் தாங்கிக் கப்பலின் உள்வாழ்க்கையைப் படம் பிடிப்பது அப்போது புதிதல்ல. எனக்குத் தெரிந்த மூன்று படங்களைச் சொல்கிறேன். மூன்றிலும் கடற்படை காட்ட நினைத்தது ஒன்று, பார்த்தவர்கள் பார்த்தது வேறொன்று.

முதலாவது, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1944இல் தயாரான 'தி ஃபைட்டிங் லேடி'. 'போரிடும் சீமாட்டி' என்று சொல்லலாம். எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு கடற்படையில் சேர்ந்து இதை இயக்கினார். பின்னணிக் குரல், ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டெய்லருடையது. அவரும் அப்போது கடற்படையில் இருந்தார். 1945இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பரிசு இதற்குக் கிடைத்தது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படம் முழுக்கக் கப்பலின் உண்மையான பெயர் வராது. யுத்த ரகசியம். 'ஃபைட்டிங் லேடி' என்பதோடு சரி. அது 'யார்க்டவுன்' என்ற கப்பல். அதே பெயருடைய முந்தைய கப்பல் 1942 ஜூனில் மிட்வே போரில் மூழ்கிவிட்டது. அதன் நினைவாகப் பெயர் வைத்து, 1943 ஏப்ரலில் இந்தப் புதுக் கப்பலைப் படையில் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்துச் செய்திப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். இதுவோ வண்ணப்படம். விமானத் துப்பாக்கியோடு இணைத்த கேமராவில் பதிவான சண்டைக் காட்சிகளும் உண்டு. எரிகிற விமானத்தின் தீ ஆரஞ்சு நிறத்தில் திரையை நிறைக்கும்போது அமெரிக்கச் சிறு நகரத்துத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்படை காட்ட விரும்பியது தன் பலத்தை. ஆனால் அரங்கில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பசிபிக் கடலில் மகனோ தம்பியோ இருந்தான். எந்தக் கப்பலில், எந்தத் தீவருகே என்று தெரியாது. தணிக்கை செய்யப்பட்ட கடிதம்தான் வரும். பெயர் சொல்லாத கப்பல் என்றால் அது யாருடைய மகனின் கப்பலாகவும் இருக்கலாம் அல்லவா? சாப்பாட்டு வரிசையில் நிற்கிற பையன்கள், சீட்டாடுகிறவர்கள், மேல்தளத்தில் வெயிலில் கிடப்பவர்கள் என்று முகம் முகமாகக் காட்டுகிறார்கள். முடிவில், முன்பு நாம் பார்த்த முகங்களில் சிலர் திரும்பி வரவில்லை என்று சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் இந்தப் படம் இலவசமாகவே கிடைக்கும். எனக்கு அதன் சண்டைக் காட்சிகள் மறந்துவிட்டன. அந்த முகங்கள் மறக்கவில்லை.

(ஒரு கொசுறுச் செய்தி: சந்திரனைச் சுற்றிவிட்டு 1968 டிசம்பரில் பசிபிக்கில் வந்து இறங்கிய அப்பல்லோ 8 வீரர்களை மீட்டதும் இதே யார்க்டவுன்தான். 1975 முதல் அது தென் கரோலினாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது.)

இரண்டாவது, இங்கிலாந்தில் 1976இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'செய்லர்'. 'ஆர்க் ராயல்' என்ற கப்பலில் அந்த ஆண்டின் அட்லாண்டிக் பயணத்தின்போது எடுத்தது. இதுவும் பத்துப் பகுதிகள். ஆனால் யுத்தம் இல்லாத காலம். வீரசாகசம் காட்ட எதுவும் இல்லை. அதனால் உள்ளதை உள்ளபடியே காட்டினார்கள். முதல் பகுதியிலேயே, கப்பல் புறப்படுவதற்கு முந்தின இரவு, கரையில் குடித்துவிட்டுத் தள்ளாடித் திரும்புகிற மாலுமிகள்! "இதுதானா நம் கடற்படை?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் வாரம் தவறாமல் பார்த்ததும் அதே மக்கள்தான். தப்பு செய்துவிட்டு மேலதிகாரி முன் விறைத்து நிற்கிற பையன், நோயாளி ஒருவரை நடுக்கடலில் ஹெலிகாப்டரில் தூக்கி வருகிற பதற்றம், வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள் என்று பார்க்கப் பார்க்க, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

எவ்வளவு பிடித்துப்போனது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொடரின் முகப்புப் பாட்டு, ராட் ஸ்டூவர்ட் பாடிய 'செய்லிங்'. 1975இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்து ஓய்ந்துபோன பாட்டு அது. இந்தத் தொடர் வந்ததும் 1976இல் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறி மூன்றாம் இடம் வரை போனது.

ஆனால் மக்களின் பிரியம் கப்பலைக் காப்பாற்றவில்லை. பெரிய விமானம் தாங்கிக் கப்பல்களுக்குப் பணம் இல்லை என்று பிரிட்டிஷ் அரசு 1966லேயே முடிவெடுத்துவிட்டது. 1978 டிசம்பரில் ஆர்க் ராயல் கடைசியாகப் பிளிமத் திரும்பியது. அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ளலாமே என்ற கோரிக்கை எடுபடவில்லை. 1980இல் உடைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். கப்பல் இல்லை, அந்த மாலுமிகளுக்கும் இப்போது நம் வயது. படம் மட்டும் இருக்கிறது.

இனி நிமிட்ஸுக்கு வருவோம். 'கேரியர்' படப்பிடிப்பு நடந்தது 2005 மே முதல் நவம்பர் வரை, ஆறு மாதப் பயணத்தில். அந்தப் பயணத்தில்தான் நிமிட்ஸ் நம்முடைய 'ஐ.என்.எஸ். விராட்' கப்பலோடு சேர்ந்து 'மலபார்' கூட்டுப் பயிற்சியில் கலந்துகொண்டது. படக்குழு கப்பலிலேயே தங்கி, அதிகாரி முதல் பாத்திரம் கழுவுகிற பையன் வரை பேச வைத்தது.

என் மகன் வாங்கி அனுப்பிய குறுந்தகடுகளில் இதை 2009இல் எங்கள் வீட்டில் பார்த்தோம். நான், என் மனைவி, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு நண்பர். நண்பர் கடற்படையில் பதினைந்து வருடம் இருந்தவர். 1971 யுத்தத்தின்போது 'விக்ராந்த்' கப்பலில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை. தெருவில் எல்லோரும் அவரை 'நேவிக்காரர்' என்றுதான் சொல்வார்கள்.

மூன்று பேரும் மூன்று படம் பார்த்தோம் என்று சொல்லவேண்டும். நான் யந்திரங்களைப் பார்த்தேன். நீராவி விசையால் இரண்டே விநாடியில் விமானத்தை வீசி எறிவது, இறங்கும்போது வால் கொக்கியைக் கம்பியில் மாட்டி நிறுத்துவது, கொக்கி மாட்டாவிட்டால் மறுபடி பறக்கவேண்டுமே என்று தளத்தைத் தொட்டவுடன் வேகத்தைக் குறைக்காமல் கூட்டுவது, இதெல்லாம் எனக்கு அதிசயம். மேல்தளத்தில் மஞ்சள் சட்டைக்காரர் விமானத்துக்கு வழிகாட்டுவார், ஊதாச் சட்டைக்காரர் எரிபொருள் போடுவார், சிவப்புச் சட்டைக்காரர் குண்டுகளைக் கவனிப்பார். சத்தத்தில் பேச்சு கேட்காது. நிறமும் கைச்சைகையும்தான் மொழி.

என் மனைவி சமையலறையைப் பார்த்தாள். 5,000 பேருக்கு மூன்று வேளை என்றால் நாளொன்றுக்கு 15,000 சாப்பாடு. "எல்லாம் சின்னப் பசங்க. பத்தொன்பது வயசுல நம்ம பையனுக்குத் தட்டு கழுவவே தெரியாதே" என்றாள். மனைவி பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்க, கடலில் இருக்கிற ஒருவனைக் காட்டியபோது எழுந்து போய்விட்டாள்.

நேவிக்காரர் ஒன்றுமே பேசவில்லை. புயல் இரவுக் காட்சி வந்தது. தளம் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. விமானிகள் திரும்பத் திரும்ப முயன்றும் கம்பி மாட்டவில்லை. எரிபொருள் தீர்ந்துவிடாமல் இருக்க வானத்திலேயே நிரப்புகிறார்கள். அப்போதுதான் வாய் திறந்தார்.

"சார், போன விமானம் திரும்பி வர்ற வரைக்கும் எங்களுக்குத் தொண்டையில சோறு இறங்காது. நாம முடுக்கின நட்டு சரியா இருந்துச்சான்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கும்."

பிறகு 1971 பற்றிச் சொன்னார். விக்ராந்த் எங்கே இருக்கிறது என்பதைப் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கியிடமிருந்து மறைக்க அந்தமானுக்கு அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் இடம் எழுதக்கூடாது. நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவருடைய அம்மா, தினமும் தபால்காரரிடம், "என் பிள்ளை கப்பல் எங்கப்பா நிக்குது?" என்று கேட்பாராம். அவர், "கடல்லதான் ஆத்தா" என்பாராம். 1944இல் பெயர் சொல்லாத கப்பலைத் திரையில் பார்த்த அமெரிக்கத் தாய்க்கும் இவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அமெரிக்காவில் 'கேரியர்' பார்த்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சியும் இருந்திருக்கும். அப்போது இராக் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சீருடை போட்ட பிள்ளைகளே, இந்த யுத்தம் எதற்கு என்று கேமரா முன் வாய்விட்டுக் கேட்கிறார்கள். சரி என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் நிமிட்ஸ் விமானங்கள் ஒரு குண்டுகூடப் போடவில்லை. பயிற்சி, காவல், காத்திருப்பு, அவ்வளவுதான். 2007இல் கரையில் நின்று அந்தக் கப்பலை எதிர்த்தவர்களும் வரவேற்றவர்களும் இதைப் பார்த்திருக்கவேண்டும் என்று தோன்றியது. எதிர்ப்பு மாறவேண்டியதில்லை, வரவேற்பும் மாறவேண்டியதில்லை. நாம் பேசியது இரும்பைப் பற்றி மட்டும்தான் என்பது புரிந்திருக்கும்.

நம்முடைய பழைய விக்ராந்த் 1961 முதல் 1997 வரை உழைத்தது. மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பைக் கலந்து மோட்டார் சைக்கிள்கூடச் செய்து விற்றார்கள். 1982இல் ஃபாக்லாந்து போரில் 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் இருந்து பிறகு நம்மிடம் வந்த விராட்டும் 2020இல் ஆலங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. 2022இல் கொச்சியில் நாமே கட்டிய புது விக்ராந்த் படையில் சேர்ந்துவிட்டது.

பழைய இரண்டிலும் வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கொதிகலன் அறையில் வெந்தவர்கள், சமைத்தவர்கள், நட்டு முடுக்கியவர்கள். நேவிக்காரர் 2016இல் காலமாகிவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது மேலே எழுதிய நாலு வரிதான்.

உங்கள் வீட்டில், உறவில் அப்படி யாராவது இருந்தால் பேரப்பிள்ளையை செல்போனோடு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் நேரம் காலம் சொல்லி முடித்துவிடுவார்கள். எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.