கரி கூப்பரும் ஒரு நண்பகலும்

கௌபோய்ப் படங்கள் என்றதும் குதிரையும் துப்பாக்கியும் புழுதியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வெறும் பொழுதுபோக்கென அவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், அத்தகைய படமொன்றைச் சூழ்ந்து நிகழ்ந்த வரலாறு, கலைஞனின் மனச்சாட்சி முதலாளித்துவச் சினிமாத் தொழிலில் எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதை நமக்கு உணர்த்துகின்றது. 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' என்பதே அப்படம். அதன் நாயகர் கரி கூப்பர்.

1901இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திற் பிறந்த கூப்பர், இங்கிலாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 1920களின் நடுப்பகுதியில் ஹொலிவூட்டை அடைந்து, முகந்தெரியாத குதிரைச் சவாரிக்காரராகக் கூலிக்கு நடித்தார். 1929இல் 'த வேர்ஜீனியன்' என்னும் பேசும்படம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. குறைந்த பேச்சும் நிதானமான நடையும் அவரை நேர்மையின் உருவமாகவே மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின.

அந்தப் புகழை அரசியலும் பயன்படுத்திக்கொண்டது. 1947 ஒக்டோபரில், திரையுலகிற் பொதுவுடைமையாளரைத் தேடிய பாராளுமன்றக் குழுவின் முன் அவர் விரும்பியே சாட்சியளித்தார். பொதுவுடைமைக் கருத்துத் தோய்ந்த கதைகளை நிராகரித்ததாகக் கூறியவரால், அவற்றுள் ஒன்றின் பெயரையேனும் சொல்ல முடியவில்லை. எவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால், அதே விசாரணையிற் பதிலளிக்க மறுத்த பத்துக் கலைஞர் பின்னர் சிறை சென்றனர்.

1951இல் 'ஹை நூன்' தயாராகையில், அதன் திரைக்கதாசிரியர் கார்ல் போர்மனுக்கும் அக்குழுவின் அழைப்பாணை வந்தது. முன்னர் பொதுவுடைமைக் கட்சியிலிருந்த அவர், எவரது பெயரையும் கூற மறுத்தார். கொலைகாரன் நண்பகற் புகைவண்டியில் வருகின்றான். காவலதிகாரி துணை தேடி அலைகிறார். ஊரார் ஒவ்வொருவராகக் கதவடைக்கின்றனர். போர்மனின் வாழ்விலும் அதுவே நிகழ்ந்தது. கூட்டாளியான தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் அவரை விட்டு விலகினார்.

பழமைவாதியான கூப்பரோ அவருக்காகப் பேசினார். அவர் தொடங்கவிருந்த கம்பனியிற் சேரவும் முன்வந்தார். ஆனால் ஸ்டூடியோக்களும் பத்திரிகைகளும் நெருக்கியதும் பின்வாங்கினார். போர்மன் இங்கிலாந்துக்குச் சென்றார். 1953இல் இப்படத்துக்காகக் கூப்பருக்குக் கிடைத்த ஒஸ்கார் விருதை, அவரில்லாத மேடையிற் பெற்றுக்கொண்டவர் ஜோன் வேய்ன். போர்மனை நாட்டைவிட்டு விரட்டத் துணைநின்றமைக்காக வருந்தவில்லை என 1971இற் பெருமையுடன் சொன்னவரும் அவரே.

நம் நாட்டுக் கித்துல்கலையிற் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' நமக்கு நன்கு அறிமுகமானது. அதன் திரைக்கதையை எழுதியவர்கள் போர்மனும், கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும். அவர்கள் பெயர்கள் திரையில் வரவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார், மூலநாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளருக்கே போயிற்று. 1984இலேயே உரிமை ஏற்கப்பட்டது. விருதைக் கையேற்க இருவரும் உயிரோடிருக்கவில்லை.

1961இல் மறைந்த கூப்பரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. கதவைத் திறந்து வெளியே வந்த மிகச்சிலருள் அவரும் ஒருவர். அடியெடுத்து வைத்தபின் திரும்பிச் சென்றவரும் அவரே. திரையிலே தனித்து நின்ற வீரரால் வாழ்விலே தனித்து நிற்க இயலவில்லை. அவரருகே இன்னும் பத்துப்பேர் நின்றிருப்பின் அவர் திரும்பியிருப்பாரா? இந்த வினாவை ஹொலிவூட்டுக்கு மட்டும் உரியதென நாம் கருதலாகாது.